நடுவில் ஒரு தொட்டி

பஃபர் என்ற சொல் என் வயதுக்காரர்களுக்கு ரயிலில்தான் அறிமுகமாகியிருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பழைய பெட்டிகளின் இரு முனையிலும், பக்கத்துக்கு ஒன்றாக, வட்டமான இரும்புத் தட்டு துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டியோடு பெட்டி இடிக்கும்போது அந்த அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் கையில் இருக்கும் காபி சிந்தாது. அதிகமாகச் சிந்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் உள்ள பஃபருக்கு இரும்பும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. நினைவகத்தில் ஒதுக்கிவைத்த கொஞ்சம் இடம், அவ்வளவுதான். ஆனால் வேலை ஏறக்குறைய அதே வேலை. வேகம் ஒத்துப்போகாத இருவருக்கு நடுவில் நின்று இடியை வாங்கிக்கொள்வது.

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமலே. எண்பதுகளின் பிற்பகுதியில் ஏ.எல்.பி.எம். என்று லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் கிளைகளுக்கு வந்தன. கூடவே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வந்தது. இயந்திரம் வரிகளை மளமளவென்று அனுப்பிவிடும். பிரிண்டரோ 'கர்ர்ர்' என்று ஒவ்வொரு வரியாக இழுத்துக்கொண்டிருக்கும். பிரிண்டருக்காக இயந்திரம் காத்திருந்தால் கவுண்டரில் வரிசை வாசல்வரை போய்விடும். அதனால் பிரிண்டருக்குள்ளேயே சிறிது நினைவகம் இருந்தது. வருவதை அங்கே இறக்கிவைத்துவிட்டு இயந்திரம் அடுத்த வேலையைப் பார்க்கும். நடுவில் கரண்ட் போனால்தான் வேடிக்கை. அனுப்பியாயிற்று என்று இயந்திரம் சொல்லும், காகிதத்தில் இருக்காது. இடையில் நின்ற வரிகள் போனது போனதுதான். பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காதீர்கள் என்று பிள்ளைகள் சொல்வதற்கும் இதே காரணம்தான். நகல் எடுத்து முடிந்தது என்று திரை காட்டினாலும் கடைசிப் பகுதி இன்னும் பஃபரில் நின்றுகொண்டிருக்கலாம்.

வீட்டில் உதாரணம் தேடினால் தரைக்கடியில் இருக்கும் சம்ப் இருக்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் அது நினைத்த நேரத்தில் வரும், நாம் குழாயை நினைத்த நேரத்தில் திறப்போம். நடுவில் தொட்டி இருப்பதால் வரத்தில் உள்ள ஏற்ற இறக்கம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் சம்ப் தண்ணீரை உண்டாக்காது. நாள் முழுக்க வருவதைவிடச் செலவு அதிகமானால் எவ்வளவு பெரிய தொட்டியும் ஒரு நாள் தரை தட்டும். போனில் படம் பார்க்கும்போது வட்டம் சுற்றுவது அப்படித் தரை தட்டிய நேரம்தான்.

தொட்டி நிரம்பி வழிவதும் உண்டு. கொள்ளளவைச் சோதிக்காமல் எழுதிய புரோகிராமில், மிஞ்சியது பக்கத்தில் இருக்கும் நினைவகத்தின் மேல் போய் எழுதிவிடும். 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட புழு, அன்றைய இணையத்தில் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. 512 பைட் கொள்ளும் இடத்துக்கு 536 பைட் அனுப்பியது. வழிந்த 24 பைட், கதவைத் திறந்துவிடப் போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. உண்மையில் என்னை இதில் இறக்கிவிட்டது என் மனைவி கேட்ட ஒரு கேள்வி.

"ஏங்க, சினிமா மட்டும் நிக்காம ஓடுது, பேரன் பேசும்போது மட்டும் ஏன் முகம் உறைஞ்சு போகுது?"

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். வாரம் ஒரு முறை வீடியோவில் பேச்சு. ஒரே போன், ஒரே இணைப்பு. கேள்வி நியாயமானதுதான். பதில் பஃபரில் இருக்கிறது. சினிமா ஏற்கெனவே எடுத்து வைத்தது. நாம் பத்தாவது நிமிடத்தைப் பார்க்கும்போதே அதற்கு அடுத்து வரப்போவதைப் போன் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து வைத்துவிடும். பேரன் இன்னும் பேசாத பேச்சை எங்கிருந்து வாங்கிச் சேர்ப்பது?

இங்கேயும் சிறு பஃபர் ஒன்று உண்டு. குரலைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புவதால் சில துண்டுகள் முந்தி வரும், சில பிந்தி வரும். வரிசைப்படுத்த ஒரு கணம் நிறுத்திவைப்பார்கள். ஆனால் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு கணமும் பேச்சைத் தாமதப்படுத்தும். ஒரு பக்கம் பேசியது மறுபக்கம் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. கடல் தாண்டும் பயணத்துக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் பிந்தி வந்த துண்டைக் காத்திருக்காமல் எறிந்துவிடுகிறார்கள். பேரனின் பாதி வார்த்தை அப்படித்தான் காணாமல் போகிறது.

குரல் உடைவதைவிட மோசமானது தாமதம். "சௌக்கியமாடி?" என்று இவள் கேட்பாள். ஒரு இடைவெளி. பிறகு, "நல்லா இருக்கேம்மா" என்று வரும். போனை வைத்ததும் இவள் முகம் வாடியிருக்கும். "யோசிச்சு யோசிச்சுப் பேசறா. எதையோ மறைக்கிறா." இரண்டு இரவு தூங்கவில்லை. மகளிடம் தனியாக விசாரித்தேன். "அம்மாதான் இப்பல்லாம் உடனே பதில் சொல்றதில்ல, என் மேல கோபமாப்பா?" என்கிறாள்!

இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், பஃபர்ப்ளோட் என்று. பஃபர் வீங்கிப்போவது. ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க நிபுணர் 2010-இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து விரிவாக எழுதினார். மெமரி விலை மலிந்ததும், இருக்கட்டுமே என்று மோடத்திலும் ரவுட்டரிலும் பெரிய பெரிய தொட்டிகளாக வைத்துவிட்டார்கள். யாராவது பெரிய ஃபைலை அனுப்பினால் தொட்டி நிரம்பி நிற்கும். பின்னால் வரும் நம் குரலும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். தானாகவே எல்லாப் போட்டோவையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் போன் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். இப்போது வரும் சில ரவுட்டர்களில் வரிசையைச் சீராக வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது பழையது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரண்டு போனிலும் போட்டோ ஏற்றுவதை நிறுத்திவிடுகிறேன். பக்கத்து அறையில் ஓடும் டிவியின் யூடியூபும் அரை மணி நேரம் லீவு. போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். மகள் வீட்டிலும் அப்படியே. இடைவெளி முழுக்கப் போய்விடவில்லை, பூமி அவ்வளவு பெரியது. ஆனால் போன வாரம் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லம்மா நீ சொல்லு" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.