கொடுங்கை நீங்கலாக...

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலில் கல் கூட வளையும். ஆத்மநாதசுவாமி கோயில் கொடுங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரையில் சட்டம், கம்பி, ஆணி... எல்லாமே கருங்கல்! அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்களாம். மற்ற எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம், அதை மட்டும் கேட்காதீர்கள் என்று அர்த்தம்.

போன ஆடி வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா, வாசலில் தெளித்திருந்த தண்ணீரில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். தூக்கி உட்கார வைத்தால் வலது மணிக்கட்டு ஒரு தினுசாக வளைந்திருந்தது. அசல் கொடுங்கை!

"ஒண்ணுமில்ல தம்பி... சுளுக்கு" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா நல்லெண்ணெயோடு ஓடி வந்து நீவப் பார்க்க, அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அறந்தாங்கிக்குக் கார் பிடித்தோம்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மாதவிலக்கு எப்ப நின்னுச்சும்மா?"

நான் அவசரமாக ஃபேனைப் பார்த்தேன். அம்மா நர்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "36 வயசுல. கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணப்ப."

"சினைப்பையையும் எடுத்துட்டாங்களா?"

"எல்லாத்தையும்தான்."

அம்மாவுக்கு இப்போது 61. அந்த ஆபரேஷன் சமயம் எனக்கு ஒன்பது வயது. பத்து நாள் அத்தை சமையல் சாப்பிட்டேன் என்பதைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை.

பி.காம். படித்த மண்டைக்கு ஏற்ற மாதிரி டாக்டர் விளக்கினார். எலும்பு என்பது ஃபிக்ஸட் டெபாசிட் இல்லையாம், ஸேவிங்ஸ் அக்கவுன்ட்டாம். ஒரு கோஷ்டி செல்கள் பழைய எலும்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு கோஷ்டி புதுசாகக் கட்டும். சுமார் 30 வயது வரை வரவு அதிகம். அப்புறம் இருப்பைக் காப்பாற்றுவதுதான் வேலை. சுரண்டும் கோஷ்டியை அளவோடு நிறுத்தி வைக்கிற கறார் மேனேஜர்தான் ஈஸ்ட்ரோஜன். அம்மாவின் மேனேஜரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 25 வருஷமாகக் கணக்கில் எடுப்பு மட்டும் அதிகமாக நடந்திருக்கிறது. பாஸ்புக்கை ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

"இப்ப அந்த மாத்திரை குடுத்தா?"

"அப்பவே ஆரம்பிச்சு, இயற்கையா நிக்கிற வயசு வரைக்கும் குடுத்திருக்கலாம். இந்த வயசுல புதுசா ஆரம்பிக்கறதில்லை. வேற மருந்து இருக்கு."

பொம்பளை சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் பிரதர். ஆண் உடம்பும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித்தான் எலும்பைக் காப்பாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் உடம்பில் வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் 1994-ல் எழுதினார்கள். உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்போ வலுவில்லாமல் மெலிந்து கிடந்தது!

அடுத்து டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

ராத்திரி மூணு மணி வரை எழுதுகிற பெருமையை அவிழ்த்துவிட்டேன். பலன், இன்னொரு பாடம். இருட்டினால் மூளையில் பீனியல் சுரப்பி மெலடோனின் சுரக்கும், வெளிச்சம் பட்டால் குறைத்துக்கொள்ளும். அதுவும் எலும்பு கட்டுகிற கோஷ்டிக்கு ஆதரவு என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் மாதவிலக்கு நின்ற 81 பெண்களை வைத்து ஒரு சோதனை. 2015-ல் முடிவு வந்தது. ஒரு வருஷம் மெலடோனின் சாப்பிட்டவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் அடர்த்தி 1.4 சதவிகிதம் கூடியிருந்தது.

"அப்ப அந்த மாத்திரையையே..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"சின்ன ஆராய்ச்சிம்மா. எலும்பு முறியாம தடுக்கும்னு இன்னும் நிரூபணம் ஆகலை. உங்க மகன் லைட்டை அணைச்சிட்டுத் தூங்கினா போதும்."

தஞ்சாவூரில் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு நோய். அம்மாவுக்கு மைனஸ் 3.1. இடுப்பு எலும்புக்கு எதுவும் ஆவதற்குள் தெரிந்ததே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக்கூடாது, காபி கூடாது. கை முறிந்தபோது அழாத அம்மா, அந்த அரை மணி நேரம் காபி டபராவைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே...

ஒரு ஞாயிறு காலை, அந்த அரை மணி நேரத்தில்தான் கேட்டேன். "ஆபரேஷன் விஷயத்தை ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"ஒன்பது வயசுப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்ல?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அப்புறம் நீ கேக்கலியே தம்பி."

கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது.