டர்போவைக் கடைசியில் வாங்குங்கள்

எங்கள் பட்டறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் கையில் டர்போவோடுதான் வருவார்கள். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய டீசல் வண்டியிலிருந்து கழற்றியதை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து, "அண்ணா, இதை நம்ம எஸ்டீமுக்குப் போட்டுத் தர முடியுங்களாண்ணா?" என்று கேட்பார்கள். அந்த ஆசை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் என் மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். அவர் டர்போவைக் கையில் வாங்கவே இல்லை. "கம்ப்ரஷன் எவ்வளவு கண்ணு?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அதை அந்த ஸ்டூல் மேல வெச்சுட்டு கேஜ் எடுத்துட்டு வா."

டிராக்கில் ஓட்ட, குறைந்த செலவில் டர்போ எஞ்சின் கட்ட வேண்டுமென்று யார் கேட்டாலும் நான் இன்னமும் எஸ்டீமைத்தான் சொல்வேன். 1,298 சி.சி., 16 வால்வு, 85 குதிரைத்திறன். வண்டி எடை 900 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எதற்கும் அலைய வேண்டாம். இந்த எஞ்சினை ரேஸுக்குக் கட்டிப் பழகிய கைகள் கோவையில் நிறைய உண்டு.

முதலில் நோட்டில் கணக்குப் போட வேண்டும். அரை பார் பூஸ்ட் கொடுத்தால் எஞ்சினுக்குள் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் காற்று போகிறது. 85-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 127 வரும். சூட்டிலும் பின்னழுத்தத்திலும் கொஞ்சம் போய்விடும், 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சி.சி. பெட்ரோல் என்றால் மொத்தம் 756. நாலு இன்ஜெக்டருக்குப் பங்கு போட்டால் 189. இன்ஜெக்டரை எண்பது சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஆகவே 240 சி.சி. இன்ஜெக்டர் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் 440 சி.சி. வாங்கி வந்து, ஐடிலில் வண்டி திணறுகிறது என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 120 குதிரைத்திறன் குறைவாகத் தெரியலாம். அந்த எடைக்கு அது நல்ல வேகம். எஞ்சினும் தாங்கும்.

டர்போ விஷயத்துக்கு வருகிறேன். டீசல் ஸ்விஃப்டில் வரும் கேபி35 மலிவாகக் கிடைக்கும். அது 75 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் செய்தது, பெட்ரோலில் மேல் ஆர்பிஎம் போகும்போது மூச்சு முட்டும். உள்ளே வேன் எனும் சிறு தகடுகள் நகர்கிற விஜிடி டர்போ இன்னும் மோசம். டீசல் புகையின் சூட்டுக்குப் பழகிய வேன்கள், 900 டிகிரி தொடும் பெட்ரோல் புகையில் இறுகிப் போகும். பழைய ஆக்டேவியா 1.8 பெட்ரோல் டர்போவிலிருந்து வரும் கே03 கிடைத்தால் எடுங்கள். வாங்கும்போது ஷாஃப்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடும், அது இருக்க வேண்டிய ஆட்டம்தான். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது கைக்கு ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். பிளேடு நுனி ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலும் வேண்டாம்.

மேனிஃபோல்டுக்கு ஸ்டீம் பைப் எல்போ எடுத்து நாமே வெல்டு வைக்கலாம். மில்களின் பாய்லர் வேலைக்காக அந்தப் பைப் இங்கே எப்போதும் கிடைக்கும். ஜிஐ பைப்பைத் தொடாதீர்கள், அதன் துத்தநாகப் புகை நெஞ்சைக் கெடுக்கும். டர்போவின் எடை மேனிஃபோல்டில் தொங்கினால் வெல்டு விரிசல் விடும். பிளாக்கிலிருந்து ஒரு தாங்கல் கொடுங்கள்.

என் முதல் எஞ்சின் புகைந்தது. ஐடிலில் நின்றால் பின்னால் நீலப் புகை. ரிங் போய்விட்டது என்று இறக்கி மாற்றினேன், புகைந்தது. டர்போ சீல் என்று நினைத்து அதற்கும் செலவு செய்தேன், மறுபடியும் புகைந்தது. மூன்றாம் முறை இறக்கப்போனபோது மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து ஒரு நிமிடம் பார்த்தார். "தண்ணி மேல ஏறுமா கண்ணு?" என்றார். டர்போவிலிருந்து ஆயில் சம்புக்குத் திரும்பும் ஹோஸை நான் சுண்டுவிரல் அளவில் போட்டிருந்தேன். நடுவில் அது கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது. டர்போவிலிருந்து ஆயில் நுரையாகத்தான் வெளியே வரும், அதைத் தள்ள எந்த பம்பும் இல்லை, தானாக வழிந்து இறங்க வேண்டும். வழி இல்லையென்றால் சீலைத் தாண்டிக் கசியும். 19 மி.மீ. உள்ளளவில் நேராகக் கீழே விழுமாறு பைப் போட்டு, சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர்த்தோம். அன்றோடு புகை நின்றது.

புகையாவது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்து நான் செய்த தவறு வெளியே தெரியாதது. புது ரிங் செட்டை டப்பாவிலிருந்து எடுத்து, கம்பெனி அளவு இடைவெளியிலேயே போட்டுவிட்டேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மூன்றாவது தடவை ஓட்டும்போது மூன்றாம் சிலிண்டர் போனது. பிரித்ததும் மேஸ்திரி உடைந்த மேல் ரிங்கின் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் காட்டினார். இரண்டும் கண்ணாடி போல மின்னின. பூஸ்ட் சூட்டில் ரிங் நீண்டு, முனையோடு முனை இடித்து, போக இடமில்லாமல் பிஸ்டனின் விளிம்பைப் பெயர்த்திருந்தது.

அதன்பின் அவர் ரிங் ராவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 74 மி.மீ. போர், 0.005-ஆல் பெருக்கினால் மேல் ரிங்குக்கு 0.37 மி.மீ. இடைவெளி. ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளுவார், ரிங் சரிமட்டமாக உட்காரும். ஃபீலர் கேஜ் தகடு சிறு பிடிப்போடு நுழைய வேண்டும். வெளியே எடுத்து அரத்தில் வெளி முகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் ஓட்டுவார். திரும்பி இழுக்கவே மாட்டார், இழுத்தால் வெளிப்பக்கப் பூச்சு பொட்டு பொட்டாகப் பெயரும். நாலு ஓட்டு, அளவு. இரண்டு ஓட்டு, அளவு. கடைசியில் ஆயில் கல்லில் பிசிறு எடுத்து, கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். எந்த ரிங் எந்தப் போருக்கு என்று நூலில் சீட்டுக் கட்டி வைப்பார். நாலு மேல் ரிங்குக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

ரோட்டில் ஓடும் வண்டி பூஸ்ட்டில் இருப்பது சில நொடிகள்தான். டிராக்கில் இருபது நிமிடமும் பூஸ்ட்தான். 35 டிகிரியில் டர்போவுக்குள் போகும் காற்று அரை பார் அழுத்தத்தில் 90-ஐத் தாண்டி வெளியே வரும். ஆகவே இன்டர்கூலர் கட்டாயம், ஆயில் கூலரும் சம்புக்குத் தடுப்புத் தகடும் கட்டாயம். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பிக்கப் காற்றை இழுத்தால் பேரிங் அங்கேயே போகும். வண்டியோடு வந்த ஈசியூவுக்கு பூஸ்ட் தெரியாது. ஸ்பீடுயினோ மாதிரி குறைந்த விலை ஈசியூ, பூஸ்ட்டைப் படிக்கும் மேப் சென்சார், வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மூன்றும் வேண்டும். பூஸ்ட்டில் காற்று–பெட்ரோல் கலவை 11.5-லிருந்து 12-க்குள் இருக்கட்டும், டைமிங்கைக் குறைத்தே தொடங்குங்கள். 91 ஆக்டேனை நம்ப வேண்டாம், 95 ஊற்றுங்கள். வேஸ்ட்கேட் ஹோஸுக்குச் சரியான கிளிப் போடுங்கள். அது கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும்.

பணம் நூறு ரூபாய் என்று வைத்தால், எனக்குப் பழக்கப்பட்ட கணக்கு இது. எஞ்சின் உள்வேலைக்கும் லேத்துக்கும் முப்பது. ஈசியூ, இன்ஜெக்டர், டியூனிங்குக்கு இருபத்தைந்து. டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் சேர்த்து இருபது. ஆயிலுக்கும் குளிர்ச்சிக்கும் பதினைந்து. மீதிப் பத்தைத் தொடக்கூடாது, முதல் டிராக் நாளுக்குப் பிறகு அது தேவைப்படும். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டச் சட்டம் இடம் தராது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய செலவையும் நோட்டில் எழுதுங்கள்.

பழைய எஸ்டீம் வைத்திருக்கும் தம்பிகள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்துக் கம்ப்ரஷன் பாருங்கள். நாலு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டர்போவுக்கு எடுத்துவைத்த பணத்தை போரிங்குக்குக் கொடுங்கள்.