முளைப்பது நம் கையில் இல்லை

சித்தேரி மலையில் ஜெபக்கூட்டம் நடத்துகிறேன் என்று சொன்னால், அரூரில் இருக்கும் விசுவாசிகள் முதலில் கேட்பது, "எத்தனை பேர் வர்றாங்க ஐயா?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க?" அன்போடுதான் கேட்கிறார்கள், எனக்காக ஜெபிக்கவும் செய்கிறார்கள். ஆனால் இந்த ஊழியத்தில் நான் கண்டவற்றில் பெறுமதியான எதுவும் அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலாக வருவதில்லை. ஒரு மனிதர் கர்த்தருக்குள் வளர்கிறாரா என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் பல காலம் உட்கார்ந்து எழுந்தவன்தான் ஓரளவு அறிவான். அவனுக்கும் முழுக்கத் தெரியாது.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது சித்தேரி. மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் மலைமேல் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். மேட்டுக்காட்டில் சாமை, தினை, கேழ்வரகு விளையும். காட்டில் புளியும் கடுக்காயும் கிடைக்கும். இதை வைத்து ஆண்டு முழுக்க வயிறு கழுவ முடியாததால் ஆண்கள் கூலி வேலைக்கு வெளியூர் போகிறார்கள். விதைப்புக் காலத்தில் ஆள் நிறைந்திருக்கும் திண்ணை, அறுப்பு முடிந்ததும் வெறிச்சோடிவிடும். போனவர்கள் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சில சமயம் அதற்கும் வெகு முன்னாலிருந்து.

என் வேலை இதுதான். வயதானவர்கள் பலருக்கு எழுத்து தெரியாது. ஆகவே சுவிசேஷத்திலிருந்து ஒரு சிறு பகுதியை நிதானமாக வாசிப்பேன். மறுபடியும் வாசிப்பேன். பிறகு யாராவது ஒருவரைத் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்வேன். என்ன உள்ளே போயிருக்கிறது, என்ன வெளியிலேயே நின்றுவிட்டது என்பது அப்போது தெரியும். மனதில் நிற்காததை அடுத்த வாரமும் வாசிப்பேன். பிரசங்கம் குறைவு. வெளியூர் போகிற பையன்களின் போனில் ஒலி வேதாகமத்தை ஏற்றிக் கொடுக்கிறேன்; வேலை செய்யும் இடத்தில் இரவு கேட்பார்கள்.

ஜெபத்தில்தான் நான் அதிகம் காத்திருக்கப் பழகினேன். தொடக்கத்தில் எல்லோரும் என்னைப் போலவே ஜெபிப்பார்கள். என் இழுப்பு, என் "ஸ்தோத்திரம்", நான் மூச்சு விடும் இடம் உட்பட அப்படியே வரும். திருத்துவதில்லை. என்றோ ஒரு மாலை, அதில் ஒருவர் தம் ஆட்டுக்குச் சீக்கு வந்திருப்பதைத் தம் சொந்தக் குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் கடவுளிடம் சொல்வார். ஆவியானவர் உள்ளே வேலை செய்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியும். அந்த மாலையை வரவழைக்க எனக்கு வழி தெரியாது. எந்த ஊழியக்காரருக்கும் தெரியும் என்று நான் நம்பவில்லை.

மாற்கு நான்காம் அதிகாரத்தில், விதைத்தவன் தூங்கி எழுந்துகொண்டிருக்க, அவன் அறியாமலேயே விதை முளைத்து வளர்வதாக இயேசு ஓர் உவமை சொல்லியிருக்கிறார். டவுனில் இதற்கு நான் நெடு நேரம் விளக்கம் சொன்னதுண்டு. மலையில் தேவைப்படவில்லை. திருப்பிச் சொன்ன பாட்டி ஒருவர் தாமாகவே சேர்த்துக்கொண்டார்: "மொளைக்கறது நம்ம கையில இல்லீங்க ஐயா. களை எடுக்கறதும் குருவி ஓட்டறதும் நம்ம வேல."

இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்ல வராது. தேவன் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதை விசுவாசம் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனங்களைப் பிடித்து உலுக்கி, இந்த வாரமே மாறிவிட வேண்டும் என்று நெருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பாட்டி இருவருக்கும் பதில் சொல்லிவிட்டார். கடன், சாராயம், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடு, இவையெல்லாம்தான் களை. அந்த வீடுகளில் போய் உட்காருவது என் வேலை. உள்ளே உயிர் வருவது என்னைச் சேர்ந்ததல்ல.

வரப்புத் தகராறில் தம்பியோடு பேசாமலிருந்த ஒருவர் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவார். மன்னிப்பைப் பற்றிய பகுதிகள் முறைப்படி வந்தபோது வாசித்தேன், அவரைப் பார்த்து வாசிக்கவில்லை. ஓர் அறுப்புக் காலத்தில் ஒரு படி சாமையைத் தம் மகளிடம் கொடுத்துத் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் கோபக்காரர்தான். தம்பியோடு பேசுகிறார், வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்கிறார்.

இது எனக்குப் போதுமா என்று கேட்டால், போதும். பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் எழுந்து நின்று பேசியவர், பிறகு அந்தியோகியாவில் யூதர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். அப்போஸ்தலனுக்கே வளர்ச்சி அப்படித்தான் ஏறி இறங்கி வந்திருக்கிறது.

நம் தமிழ்ச் சபைக்குள்ளேயே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இருக்கிறார். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனபோது அவருக்கு இந்த மார்க்கத்தின்மேல் நாட்டம் இல்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அதோடு முடிந்திருந்தால் எண்ணிக்கையில் ஒரு பெயர் கூடியிருக்கும், அவ்வளவே. பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல்தான் அச்சேறியது. ஞானஸ்நானத்துக்கும் அந்தக் காப்பியத்துக்கும் இடையே 36 ஆண்டுகள். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறிய அந்தத் தமிழ், புதிய பக்திக்குள் பழுத்து வர அவ்வளவு காலம் வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1860இல் அவரிடம் போய், என்ன கனி கொடுத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவர் எதைக் காட்டியிருப்பார்?

துக்க வீட்டில்தான் அவசரம் மிகுந்த தீங்கு செய்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தச் சித்தேரி மலையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட சாவு விழுந்த ஊரில் நின்றுகொண்டு, சகலமும் நன்மைக்கே என்று ஒருவன் வசனம் சொல்வானானால், வசனம் உண்மையாகவே இருந்தாலும் அவன் செய்வது கொடுமை. சங்கீதம் 88 ஆறுதலுக்கு வந்து சேராமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிற தேவன், அழுகிறவர்கள் உடனே தேறி எழ வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர் அல்லர். நானும் அவசரப்படுத்தக் கூடாது. அந்தச் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். கூழ் கொடுத்தால் குடிப்பேன்.

பல ஆண்டுகளாகச் சபைக்குப் போயும் அதே கோபம், அதே பயம் என்று தன்னையே நொந்துகொள்ளும் விசுவாசிகள் என்னிடம் வருவதுண்டு. அவர்களிடம் நான் கேட்பது, அந்தக் கோபம் இப்போது உங்களை உறுத்துகிறதா என்பதுதான். உறுத்துகிறது என்பார்கள். முன்பு உறுத்தவில்லையே! அந்த உறுத்தலைத் தொடங்கியவர் அதை முடிக்கவும் செய்வார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை நான் முழு மனதோடு நம்புகிறேன். நீங்களும் நம்பலாம். அதுவரை ஜெபத்தையும் வாசிப்பையும் விட்டுவிடாதீர்கள், கசப்பு தலைதூக்கும்போது கிள்ளி எறியுங்கள்.

மலை ஊழியத்துக்கு வர ஆசைப்படும் வாலிபர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு நாள் கூட்டத்துக்கு மைக்செட்டோடு வந்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஒரு விதைப்பிலிருந்து அடுத்த விதைப்புவரை ஓர் ஊரிலேயே தங்குங்கள். அவர்களோடு களை எடுங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள், கேட்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகு பேசுங்கள்.