ஓசிப் பாஸ்

நீங்கள் கடைசியாகக் கைக்காசு போட்டு, டிக்கெட் வாங்கி, ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போனது எப்போது? யோசித்துச் சொல்லுங்கள். கல்யாண ரிசப்ஷன் கச்சேரி, கோயில் திருவிழா, டி.வி-யில் பார்த்தது எல்லாம் கணக்கில் வராது.

இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு பையன் கேட்டான். அதுவும் கொல்லிமலை பஸ்ஸில், நாற்பதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி, வயிறு தொண்டைக்கு வந்திருந்த நேரத்தில்!

சென்ற ஆடியில் வல்வில் ஓரி விழா பார்க்கக் கிளம்பியிருந்தேன். வருஷா வருஷம் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசாங்கம் நடத்தும் விழா. நாமக்கல்லில் பஸ் ஏறி, சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்துக்கு வந்துவிட்டால், அங்கிருந்து எழுபது வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். தலை சுற்றுகிற ஆசாமிகள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே எண்ணிக்கொண்டு போகலாம். நான் எண்ணினேன்.

முன் சீட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. இன்னொருவன் நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறான். இரண்டு பேருக்கும் ஊர் மலை மேலேதான். அடிவாரத்தில் ஆரம்பித்த சண்டை, முப்பதாவது வளைவிலும் ஓயவில்லை.

''ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா குடுத்தன்டா! பாடுனவரு கட்டைவிரல் சைஸுக்குத் தெரிஞ்சாரு. நடுவுல ஒரு ஸ்பீக்கர் கம்பம். கடைசி வரைக்கும் ஸ்க்ரீனைப் பாத்துட்டு வந்தேன்.'' இது பனியன் கம்பெனி.

''அப்புறம் எதுக்குப் போனே? யூட்யூப்ல ஓசியிலயே பாத்திருக்கலாம்ல?''

''அத்தனை பேரும் சேந்து பாடறப்ப நாமளும் இருக்கணும்ல... அது யூட்யூப்ல வருமா?''

''அப்ப காசைக் குடு. பொலம்பாத. உங்க அப்பாரு மிளகு வெல ஏறுனப்ப கொறைச்சா வித்தாரு? மிளகுக்கு ஒரு நியாயம், பாட்டுக்கு ஒரு நியாயமா?''

எனக்கு அந்தக் காலேஜ் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால், பி.காம் முதல் வருஷத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் மிளகை வைத்து ஒரே வரியில் முடித்துவிட்டான்.

சும்மா இருக்க முடியுமா? நடுவில் புகுந்தேன். படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். 2024 செப்டம்பரில் 'கோல்ட்ப்ளே' குழுவின் மும்பை கச்சேரிக்கு டிக்கெட் விற்றார்களே, அந்தக் கதை. கம்பெனி விலை 2,500-ல் ஆரம்பித்து 35,000 ரூபாய் வரை. லட்சக்கணக்கான பேர் ஆன்லைனில் வரிசை கட்டி நிற்க, கொஞ்ச நேரத்தில் எல்லாம் காலி. அடுத்த நிமிஷமே கள்ள மார்க்கெட்டில் லட்ச ரூபாய்க்கு மேல் கூவிக் கூவி விற்றார்கள். ''பாத்தியா தம்பி, விலையைக் குறைச்சு வெச்சா ரசிகனுக்குப் போகாது. பிளாக்ல விக்கிறவனுக்குத்தான் போகும்!''

''அதுக்காக ஏத்தி விக்கலாமாங்ணா?'' என்றான் பனியன் கம்பெனி.

நியாயமான கேள்வி. அதற்கும் உதாரணம் இருக்கிறது. அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தில் 'ஓயஸிஸ்' குழுவின் டிக்கெட் விற்பனை. 150 பவுண்டுக்கும் கீழே என்று அறிவித்த டிக்கெட்டை வாங்க மணிக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தவர்களுக்கு, கடைசியில் திரையில் வந்த விலை 355 பவுண்டு! குறைந்த விலை டிக்கெட் தீர்ந்ததும், மிச்ச டிக்கெட்டை ரொம்பக் கூடின விலைக்கு விற்கிற ஏற்பாடு. அந்த ஊர் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். அரசாங்கமே விசாரிக்கிறேன் என்று கிளம்ப வேண்டியதாயிற்று.

''முன்னாடியெல்லாம் கேசட் வித்து, சி.டி வித்து சம்பாதிச்சாங்க தம்பி. இப்ப பாட்டு சும்மா கிடைக்குது. கச்சேரி ஒண்ணுதான் மிச்சம். டேவிட் போவின்னு ஒரு பாடகர் 2002-லயே சொன்னாரு... இசை இனிமே குழாய்த் தண்ணி மாதிரி ஆயிடும், ஊர் ஊராப் போய்ப் பாடினாத்தான் பொழைப்புன்னு...''

நான் பேசி முடிக்கும் வரை இரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு பனியன் கம்பெனி தம்பி ரொம்ப சாதாரணமாகக் கேட்டான்.

''நீங்க கடைசியா எவ்ளோ குடுத்துப் பாத்தீங்க?''

வாசகரே, பொய் சொல்லியிருக்கலாம். மலைக்காற்று, என்னவோ, உண்மை வந்துவிட்டது.

''எனக்கு... பாஸ் வரும்பா. பத்திரிகைல இருக்கேன்ல.''

''இத்தனை வருசமாவா?''

''ம்...''

''அப்ப உங்க சீட்டுக்கும் சேத்துத்தான் நாங்க குடுத்தமாங்ணா?''

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டான். அதுதான் வலித்தது. காலேஜ் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். அதற்குப் பிறகு எத்தனை வளைவு வந்தது என்று நான் எண்ணவில்லை.

'ஓசி' என்ற வார்த்தையே கம்பெனி காலத்தில், ஸ்டாம்ப் ஒட்டாமல் போன தபால்களில் குத்திய 'ஆன் கம்பெனி சர்வீஸ்' முத்திரையில் இருந்து வந்தது என்பார்கள். உண்மையோ, கதையோ... நான் அந்தக் கம்பெனியின் ஆயுள் கால ஊழியன். இருபது வருஷத்துக்கு மேலாக முன்வரிசை. போலீஸ், அதிகாரிகள், ஸ்பான்சர் வீட்டு உறவுக்காரர்கள், நாங்கள். மூன்று பாட்டு கேட்போம். நான்காவது பாட்டில் ஒருவர் வாட்சைப் பார்ப்பார். ஐந்தாவது பாட்டில் அந்த வரிசை பாதி காலி. பின்னால் கம்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்தக் காலி நாற்காலிகள் நன்றாகவே தெரியும்.

ஒரு முறை, சென்னையில் ஒரு அரங்கம். மூன்றாவது வரிசைக்குக் காசு கொடுத்து வந்திருந்த ஒரு குடும்பத்தை, ''ப்ரெஸ் வந்திருக்காங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க'' என்று பின்னால் அனுப்பினார்கள். அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண். அந்தக் குழந்தை, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதில்தான் நான் உட்கார்ந்தேன். அன்றைக்கும் முழுசாகக் கேட்கவில்லை.

சரி, அந்தத் தம்பி கேட்ட கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்குத்தான். கச்சேரிக்கு ஒரு கோடி ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியக்காரர்கள், விமான டிக்கெட், ஹோட்டல், மேடை, சவுண்டு, ஜெனரேட்டர், மைதான வாடகை எல்லாம் சேர்த்து. 10,000 சீட். ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் கணக்கு நேர். அதில் 1,000 சீட் பாஸுக்குப் போனால், மிச்சம் 9,000 பேர் தலையில் 1,111 ரூபாய். அதாவது, பின் வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரும் பாஸ்காரர்களான எங்களுக்காக 111 ரூபாய் மொய் எழுதியிருக்கிறார்!

பொருளாதாரப் புரொஃபசர்கள் சண்டைக்கு வருவார்கள். 'விலை என்பது செலவை வைத்து வருவதில்லை, கிராக்கியை வைத்து வருவது' என்பார்கள். சரிதான் சார். ஆனால், முன்னால் இருக்கும் 1,000 நல்ல சீட் கடைக்கே வரவில்லையே? சரக்கு குறைந்தால் மிச்ச சரக்கின் விலை என்னவாகும்? அதையும் நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்!

செம்மேட்டில் இறங்கியதும் குதிரை மேல் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலைக்கு ராஜா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பாடிய வன்பரணர், புறநானூற்றில் அதற்கு அடுத்த பாட்டிலேயே இன்னொரு சேதி சொல்கிறார். பசியோடு வந்த பாணர் கூட்டத்துக்கு ஓரி அள்ளி அள்ளிக் கொடுத்தாராம். யானைகள் கொடுத்தாராம். தண்ணீரில் பூக்காத குவளைப் பூவை, அதாவது பொன்னால் செய்ததை, வெள்ளி நாரில் தொடுத்துக் கொடுத்தாராம். வயிறு நிறைந்துபோன பாணர்கள் ஆடுவதையும் பாடுவதையும் மறந்தே போனார்கள் என்கிறார் புலவர்!

அதிகமாகக் கொடுத்தால் ஆர்ட்டிஸ்ட் கெட்டுப்போவார் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். கொடுத்துப் பழக்கமில்லாத ஆட்கள்தான் அப்படிப் படிப்பார்கள். எனக்கு அந்தச் சிலை முன்னால் நின்றபோது உறைத்தது வேறு. சபையில் முதல் ஆசனம் ஓரிக்கு. பாட்டுக்கான மொத்தச் செலவும் அவர் கணக்கு. சுற்றி நின்ற ஊர் ஜனத்திடம் யாரும் சில்லறை கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது முதல் வரிசை ஓசி, கம்பத்துக்குப் பின்னால் நிற்பவன் வள்ளல். திருப்பூரில் ஓவர்டைம் பார்த்து 2,500 ரூபாய் கொடுத்த அந்தத் தம்பிதான் இன்றைக்கு ஓரி!

விழா மேடையில் தப்பாட்டம், கரகம். டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், எழுந்து போகலாம். ''வாங்க சார், முன்னாடி உக்காருங்க'' என்று ஒருவர் அன்பாகத்தான் கூப்பிட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி பக்கத்தில் நின்று பார்த்தேன். கால் வலித்தது. பழக்கமில்லை.

டீக்கடையில் ஒரு தப்பாட்டக் கலைஞரைப் பிடித்தேன். ''ஆளுங்க காசு குடுத்து வந்தா நல்லா இருக்கும், இல்ல?'' என்றேன்.

''இங்க கவர்மென்ட் பேசுன தொகையைக் குடுத்துருதுங்க. ஊர்த் திருவிழாவுலன்னா, ஆட்டம் புடிச்சவங்க மேடையேறி வந்து சட்டையில நோட்டைக் குத்திட்டுப் போவாங்க. அம்பதோ, நூறோ. மைக்குல அவுங்க பேரைச் சொல்லுவோம். அது சம்பளம் மாதிரி இல்லைங்க...'' என்றவர், எது மாதிரி என்று சொல்லாமல் டீயை ஆற்றினார்.

பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அப்புறம் காசு. இதை ஓயஸிஸ்காரர்களுக்கு யாராவது சொல்லலாம்.

ஊர் திரும்பி, டிசம்பரில் வழக்கம்போல ''சார், ரெண்டு பாஸ் எடுத்து வெச்சிருக்கேன்'' என்று போன் வந்தது. வேண்டாம் என்றேன். ''ஏன் சார், உடம்பு சரியில்லையா?'' என்று உண்மையாகவே பதறினார்.

இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஆளுக்கு 1,500. 500 ரூபாய் வரைக்கும் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது, தாண்டினால் 18 சதவிகிதம் என்பதை பி.காம் படித்த நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது போக 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று. யாருக்கு வசதி என்று போடவில்லை. 2023-ல் அமெரிக்காவில் 'தி க்யூர்' குழுவின் ராபர்ட் ஸ்மித், 'என் ரசிகனுக்கு 20 டாலர் டிக்கெட்டுக்கு 20 டாலருக்கு மேல் கட்டணமா?' என்று சண்டை போட்டு, ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவைத்தார். நமக்கு யாரும் சண்டை போடவில்லை. கட்டினேன்.

மைதானத்தில் எங்கள் இடத்தில் இருந்து பாடகர் கட்டைவிரல் சைஸுக்குத்தான் தெரிந்தார். தம்பி சொன்னது சரி. மூன்றாவது பாட்டில் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்கள். தம்பி சொன்ன அதுவும் சரி.

பத்து மணிக்கு மனைவி கொட்டாவி விட்டார். ''எப்பவும் மூணு பாட்டுல கெளம்பிடுவீங்களே, இன்னிக்கு என்ன? போலாமா?''

போட்ட பணம் போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று பி.காம் இரண்டாம் வருஷத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

''இரு... காசு குடுத்திருக்கோம்ல!''