யார் படித்தார்கள்

2025 அக்டோபர் கடைசியில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஒரு சால்வை, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள். மண்டப வாடகையில் என் பங்கும் உண்டு. இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது சரியில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சால்வையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். தறியை விட்டுப் பத்து வருஷமாகிறது. விரல்கள் இன்னும் விடவில்லை. "போத்தினவரு உன் புஸ்தகத்தைப் படிச்சிருக்காரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 1ஆம் தேதி போப் பதினான்காம் லியோ, ஜான் ஹென்றி நியூமனைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அந்த வரிசையில் அவர் 38ஆவது. இதற்குப் புனிதராக இருப்பது மட்டும் போதாது. ஆழ்ந்த புலமை வேண்டும், திருச்சபை அதை அறிவிக்கவும் வேண்டும். நியூமன் இறந்தது 1890இல். அக்வினாஸ் 1274இல் இறந்தார், பட்டம் 1567இல். 1582இல் இறந்த அவிலாவின் தெரேசா 1970 வரை காத்திருந்தார். பெண் என்பதே தடையென்று முன்பு மறுத்திருக்கிறார்கள். லிசியே நகரத்துத் தெரேசா, நம் பள்ளிக்கூடங்களின் சிறுமலர், 24 வயதில் இறந்தவர், பல்கலைக்கழகம் காணாதவர். அவர் விட்டுப்போன நோட்டுப் புத்தகங்களுக்கும் கடிதங்களுக்கும் 1997இல்தான் அந்த மரியாதை வந்தது.

ஸ்தாபனங்கள் தரும் பட்டங்களில் அரசியலே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், சந்தேகத்தோடு, வரிவரியாக. எழுதியவர் நன்றி சொல்ல மேடையில் இல்லை.

எங்கள் ஊர்த் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகருக்கும் பட்டங்கள் உண்டு. வேதாந்தாசாரியர் என்றது அரங்கன், சர்வதந்திர சுவதந்திரர் என்றது தாயார் என்பது சம்பிரதாயம். கொடுத்தவர் படித்தாரா என்ற கேள்வி அங்கே எழாது. அவரே விஜயநகரத்திலிருந்து அழைப்பு வந்தபோது போகவில்லை. உஞ்சவிருத்தி போதுமென்று இருந்துவிட்டார் என்பார்கள்.

அப்பாவுக்குப் பட்டம் கிடையாது. சேலையில் நெய்தவன் பெயரும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சேலையையும் பிரித்து, கரையும் உடலும் சேரும் கோர்வையைத் திருப்பி, விரலால் இழுத்துப் பார்த்த பிறகுதான் கூலி. நாற்பது வருஷம் அவரைப் படித்திருக்கிறார்கள்.

நேற்று என் புத்தகம் அவர் மடியில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் பன்னிரண்டாம் பக்கம் வரை வந்திருந்தார். அதில் தறியைப் பற்றி ஒரு கவிதை.

"கோர்வைன்னு எழுதிட்டு ஒரே ஆளை உட்கார வெச்சிருக்கியே," என்றார். "அந்தப் பக்கம் கரைக்கு நாடா தள்ளினது யாரு?"

ஏழு வயதிலிருந்து தள்ளினவன் நான்தான்.