விரல் நுனியில் மேடை வெளிச்சம்



நம் புதுக்கோட்டைச் சீமைக்கும் நாடக மேடைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. இங்கே பிறந்த பி. யு. சின்னப்பா, நாடக மேடையில் வளர்ந்து திரைக்குச் சென்றவர். கிராமத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கிறது. ஆவூரில் பாஸ்கா பார்க்கக் கூட்டம் திரள்கிறது. நடிப்பவரைப் புகழ்கிறோம். ஆனால் அவர் முகத்தை நமக்குக் காட்டும் விளக்கை இயக்குபவரை நினைக்கிறோமா? எங்கள் ஆண்டு விழா நாடகத்தில் அந்தப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதனால் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாங்கள் நடித்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் பலத்த எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்து படித்தார். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானார். நாடகத்தின் உயிர்நாடி கல்லூரிக் காட்சிதான். மாணவர் கூட்டம் மெல்ல இருளில் மறைய வேண்டும். அதே வேளையில், தனியே அமர்ந்திருக்கும் அந்த ஒரு பெண்ணின் மீது ஒளி மெல்ல ஏற வேண்டும்.

“பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது, சிஸ்டர். சுவிட்சை மட்டும் போட்டு அணைக்கச் சொல்லுங்கள்” என்றார் வாடகைக்கு விளக்குக் கொண்டு வந்தவர். “வருமா வராதா என்பதை ஒத்திகையில் பார்ப்போம்” என்றார் சிஸ்டர். முத்துலட்சுமி அம்மையார் கேட்ட சொல்லும் இதுதானே என்று எண்ணிக்கொண்டேன்.

வந்தவை ஆறு எல்.இ.டி. விளக்குகள். இவ்வகை விளக்குகள் டி.எம்.எக்ஸ். 512 என்ற முறையில் கட்டளை பெறுகின்றன. 1986-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறை இது. ஒரே கம்பியில் 512 தடங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் இருட்டு. 255 என்றால் முழு வெளிச்சம். எங்கள் விளக்கு ஒன்றுக்கு ஏழு தடங்கள் தேவை. ஆகவே முதல் விளக்குக்கு 1, அடுத்ததற்கு 8, அதற்கடுத்ததற்கு 15 என்று முகவரி கொடுத்தோம். கணினி அறையின் லேப்டாப்பில் க்யூ.எல்.சி. பிளஸ் என்ற மென்பொருளை நிறுவினோம். அது இலவசம். யு.எஸ்.பி. வழியே ஒரு சிறு பெட்டியை இணைத்ததும் விளக்குகள் சொன்னபடி கேட்டன.

ஆனால் மௌசுக்கு ஒரே அம்புதானே! ஒன்றைக் குறைக்கும்போது மற்றொன்றைக் கூட்ட முடியவில்லை. இத்தனை நொடியில் மாறு என்று கணினிக்கே சொல்லிவிடலாம். ஆனால் முத்துலட்சுமியாக நடித்த தோழி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நிறுத்திப் பேசுவாள். அவளுக்காகக் கணினி காத்திருக்குமா?

முதலில் பாடகர் குழுவின் கீபோர்டை இணைத்துப் பார்த்தோம். 1983-ல் இசைக் கருவிகளுக்காக வந்த மிடி என்ற மொழியை இந்த மென்பொருளும் புரிந்துகொள்கிறது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு காட்சி வந்தது. ஆனால் ஒளியைப் படிப்படியாக ஏற்ற அது உதவவில்லை. பிறகு முன்னாள் மாணவியான ஓர் அக்கா, கோர்க் நிறுவனத்தின் நானோகன்ட்ரோல் 2 என்ற பலகையைக் கொடுத்து உதவினார். ஏறக்குறைய ஓரடி ஸ்கேல் நீளம்; எட்டு நகர்த்திகள், எட்டுத் திருகுகள். பெரிய விளக்குப் பலகைகள் லட்சக்கணக்கில் விற்க, இதன் விலை சில ஆயிரங்களே. மென்பொருளில் ‘தானே கண்டுபிடி’ என்ற வசதியைத் தெரிவு செய்து நகர்த்தியை அசைத்தால், இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன.

ஒரு நுட்பம் மட்டும் உண்டு. இப்பலகை அனுப்பும் எண் 0 முதல் 127 வரைதான். விளக்குக்கோ 255 படிகள். ஆகவே ஒளி இரண்டிரண்டு படியாகத் தாவும். இருட்டை ஒட்டிய இடத்தில் அந்தத் தாவல் கண்ணுக்குத் தெரியும். அவ்விடத்தை விரல் விரைந்து கடந்து, மேலே சென்றபின் நிதானிக்க வேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. உப்பு நீரில் உலோகத் தகடுகளை இறக்கி ஏற்றி விளக்கை மங்கச் செய்த காலம் ஒன்று இருந்தது. அதுவும் மலிவுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. எங்கள் பலகையில் ஓடுவது யு.எஸ்.பி. தரும் ஐந்து வோல்ட் மட்டுமே. விளக்குகளுக்கான மின் இணைப்பைக் கொடுத்தவர் எலக்ட்ரீசியன். அதை நாங்கள் தொடவில்லை.

விழா இரவில் தோழி ஒத்திகையை விட நீண்ட நேரம் மௌனமாக நின்றாள். என் இடக்கை விரல் கீழிறங்கியது; வலக்கை விரல் அவளுக்காகக் காத்திருந்து, அவள் தலை நிமிர்ந்தபோது மேலேறியது. மண்டபத்தில் ஓசையே இல்லை. நாடகம் முடிந்ததும் விளக்குக்காரர் அந்தப் பலகையைப் புரட்டிப் பார்த்து விலை விசாரித்தார்!

கல்கத்தாவின் தபஸ் சென், 1959-ல் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை ஒளியாலேயே காட்டி வியக்க வைத்தார். இன்று நாம் கையாளும் கணினி அன்று அவரிடம் இல்லை. கலை கருவியின் விலையில் இல்லை. காத்திருக்கத் தெரிந்த கையில் இருக்கிறது.

எட்டாம் வகுப்புத் தங்கைகள் இருவர் இப்போது என்னிடம் பழகுகிறார்கள். விளக்குகளின் முகவரி எழுதிய நோட்டு கணினி அறை அலமாரியில் உள்ளது. அடுத்த ஆண்டு விழாவுக்கு அதைத் திறக்கப்போகும் தோழி யார்? வாருங்கள்!