வேதனமும் வேதனையும்

சென்ற மாதம் அண்ணி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அண்ணன் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். கன்னடப் பாடத்துக்கான எதிர்பார்ப்புகளும் கற்றல் இலக்குகளும் அந்தத் தாளில் இருந்தன. பெற்றோர் படித்துக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவேண்டும். "நீதான் மொழிப்பாடத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றியே, பாத்துட்டுச் சொல்லும்மா. கையெழுத்துப் போடட்டுமா?" என்று கீழே எழுதியிருந்தார்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு நான்கு நாள்கள் தேவைப்பட்டன. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

தாளில் குறை சொல்ல அதிகமில்லை. இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் இரண்டு. நாள்தோறும் ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி. வெள்ளிக்கிழமைகளில் சொல்வதை எழுதும் தேர்வு. வகுப்பில் வேறு மொழி பேசக்கூடாது. இலக்குகள் என்ற தலைப்பின் கீழ், எல்லா எழுத்துகளையும் ஒத்தெழுத்துகளையும் பிழையின்றி எழுதுதல், பாடலை மனப்பாடமாக ஒப்பித்தல், பாடத்தின் பின்னுள்ள வினாக்களுக்கு விடை எழுதுதல். ஏறத்தாழ இதே தாளை 2001 ஜூனில் நானும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா தமிழில் கையெழுத்திட்டார்.

அது சுரங்கம் மூடப்பட்ட ஆண்டு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய வேலை, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் 2001 பிப்ரவரி 28 அன்று நின்றுபோனது. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும் ஆழம் அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள் கேஜில் நெருங்கி நின்று இறங்குகையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒன்றாகத்தான் இறங்கின என்பார். 'யாருக்கும் எதுவும் புரியாமல் போனதில்லை. புரியாவிட்டால் கல் தலையில் விழும்' என்பது அவர் கணக்கு. அவருடைய கன்னடம் இலக்கணப்படி தவறானது. ஆனால் அது வேலை செய்த கன்னடம்.

தங்கவயலில் கன்னடப் பாடத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு விரைவில் வேறெங்கோ போய்விடும். வி. கே. கோகாக் குழுவின் அறிக்கை 1981இல் வந்தது. கன்னடமே முதல் மொழியாக இருக்கவேண்டும் என்று கோரி ராஜ்குமார் முன்னின்ற பெரும் இயக்கம் எழுந்தது. எங்கள் ஊர்த் தமிழர்கள் அதற்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். அந்த நாள்களின் கசப்பை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் எங்கள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். பிறகு 2015இல் கன்னட மொழி கற்றல் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி 2017-18 கல்வியாண்டு முதல் எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படிப்படியாகக் கட்டாயமாயிற்று.

இந்த வரலாற்றை நான் சிறிதென்று கருதவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளும் நாங்கள் விவாதித்தது எந்த மொழிக்கு எந்த இடம் என்பதை மட்டுமே. ஓர் ஆண்டின் முடிவில் பதினொரு வயதுக் குழந்தைக்கு அந்த மொழியில் என்ன செய்யத் தெரிந்திருக்கவேண்டும் என்ற எளிய கேள்வியை ஆதரித்தவர்களும் கேட்கவில்லை, எதிர்த்தவர்களும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது 2004இல். அப்பா நுரையீரல் நோயால் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கைம்பெண்களுக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அம்மா என்னை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். நான் ஒன்பதாம் வகுப்பு. ஏழாம் வகுப்பில் கன்னடத்தில் நூற்றுக்கு 84 வாங்கியவள். 'எம்பொண்ணு படிச்சிடுவா' என்ற நம்பிக்கையில்தான் அம்மா யாரையும் துணைக்கு அழைக்கவில்லை.

விண்ணப்பத்தின் தலைப்பை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். கன்னடத்தில் அந்தத் திட்டத்தின் பெயர் 'விதவா வேதன'. வேதனம் என்றால் ஊதியம், உதவித்தொகை. அந்தச் சொல்லின் நடுவில் வருவது வல்லின 'த'. தமிழ் நாவுக்கு இரு உயிர்களுக்கு நடுவே வரும் தகரம் தானாக மெலிந்துவிடும். நான் மெலித்துச் சொன்னேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் சிரித்துவிட்டார். மெலிந்த தகரத்தோடு 'வேதனெ' என்றால் கன்னடத்திலும் வலிதான். கைம்பெண்ணின் வேதனைக்கு விண்ணப்பம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் சிரிப்பு புரிந்தது.

பிறகு அவர் விரைவாக ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. 'அர்ஜிதாரர ஹெசரு' என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது, அம்மாவின் பெயரா, இறந்துபோன அப்பாவின் பெயரா என்று தெரியவில்லை. மூன்று ஆண்டுகளில் நான் நான்கு பாடல்களை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். 'இன்னொருமுறை சொல்லுங்கள்' என்பதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வதென்று எந்த வகுப்பிலும் கற்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு திரும்பினோம். வழியில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அந்த 84ஐப் பற்றி வீட்டில் பிறகு யாரும் பேசியதில்லை.

நான் இந்த ஆய்வுத்துறைக்கு வந்ததற்கு அந்த நடைதான் காரணம் என்று சொன்னால் மிகையாகும். ஆனால் படித்தவற்றில் எதை அடிக்கோடிட்டேன் என்பதற்கு அதுதான் காரணம்.

ஐரோப்பிய அவை 2001இல் ஒரு பொதுமொழிச் சட்டகத்தை வெளியிட்டது. நான் கன்னட அரிச்சுவடியோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த அதே ஆண்டு. மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரிக்கும் அச்சட்டகம், ஒவ்வொரு படியையும் கற்பவரால் எதைச் செய்ய முடியும் என்ற வாக்கியங்களால் விவரிக்கிறது. முதற்படியில் இருப்பவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார், எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசி உதவினால் எளிய உரையாடலில் பங்கெடுப்பார், ஒரு படிவத்தில் தம் பெயரையும் முகவரியையும் நிரப்புவார். படிவம் நிரப்புதல் முதற்படியிலேயே இருக்கிறது என்பதைக் கண்ட அன்று நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளின் ஸ்பானிய வகுப்புகளுக்கான இலக்குத் தாள்கள் பலவற்றையும் பார்த்திருக்கிறேன். 'என்னால் முடியும்' என்று தொடங்கும் வாக்கியங்கள் அவற்றில் வழக்கம்: உணவு கேட்டு வாங்க முடியும், என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல முடியும். ஆங்கிலத்துக்கும் ஸ்பானியத்துக்கும் பொதுவான லத்தீன் வேர்ச்சொற்களை முதல் வாரங்களிலேயே காட்டி, 'உனக்கு ஏற்கெனவே பாதி தெரியும்' என்று குழந்தையிடம் சொல்லிவிடுகிறார்கள். கூடவே, ஒன்றுபோல் ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களையும் எச்சரிக்கிறார்கள்.

தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள உறவு அதைவிட நெருக்கமானது. பழங்கன்னடத்தில் சொல்முதலில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. இந்த ஒரு விதியைச் சொன்னால் போதும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பணம் ஹண, பெயர் ஹெசரு, பொன் ஹொன்னு. இன்னொரு விதி, வகரம் பகரமாவது: வா என்பது பா, விடு என்பது பிடு, வெள்ளி என்பது பெள்ளி. எழுதுவதற்கு அவர்கள் சொல்லும் 'பரெ' நம்முடைய வரைதான். படிப்பதற்குச் சொல்லும் 'ஓது' நம்முடைய ஓதுதான். அரைமணி நேரத்தில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு ஐம்பது சொற்களைத் திறந்துகாட்டலாம். எனக்கு யாரும் காட்டவில்லை. அந்த ஐம்பதையும் ஐம்பது அயற்சொற்களாக மனப்பாடம் செய்தேன்.

பொறிகளையும் காட்டவேண்டும். கன்னடத்தில் 'மாடு' என்றால் செய். 'சின்ன' என்றால் தங்கம். எங்கள் ஊரைக் கன்னடத்தில் 'சின்னத கணி' என்று படித்த முதல் நாளில், இவ்வளவு பெரிய சுரங்கத்தை ஏன் சின்னது என்கிறார்கள் என்று நான் குழம்பியது நினைவிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒலி. தமிழில் ஒரு தகரம் இருக்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்துகள். நான்கையும் அழகாக எழுத எனக்குக் கற்பித்தார்கள். காதால் பிரித்தறிய யாரும் கற்பிக்கவில்லை. வேதனத்துக்கும் வேதனைக்கும் இடையில் நான் விழுந்த பள்ளம் அதுதான்.

'வகுப்பில் வேறு மொழி பேசக்கூடாது' என்ற விதியைப் பற்றி ஒரு சொல். அதில் நியாயம் இல்லாமலில்லை. கற்கும் மொழி வகுப்பில் நிறையக் காதில் விழவேண்டும். வகுப்பு நேரத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இலக்குமொழியே ஒலிக்கவேண்டும் என்று அமெரிக்க அயல்மொழி ஆசிரியர் அமைப்பும் பரிந்துரைக்கிறது. ஆனால் ஆசிரியர் புரியும்படியான கன்னடத்தை நிறையப் பேசுவது வேறு, குழந்தை தமிழில் வாய் திறந்தால் குற்றம் என்பது வேறு. முன்னது கற்பித்தல், பின்னது அமைதியான வகுப்பைத் தரும். பதற்றம் ஏறிய மனத்துக்குள் மொழி எளிதில் இறங்காது என்று ஸ்டீபன் கிராஷன் 1980களிலேயே எழுதினார். ஐம்பது குழந்தைகளை ஒரே அறையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அமைதியும் தேவை என்பதை மறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அண்ணியை அழைத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். தாளை மறுத்து அனுப்பினால் விலை கொடுப்பது குழந்தைதான். பிறகு மருமகளை ஃபோனில் உட்காரவைத்து, தாளின் பின்பக்கத்தில் எங்களுக்கென்று சில வரிகள் எழுதினோம்.

இந்த ஆண்டின் முடிவில் நான்,
1. தமிழில் தெரிந்த நூறு சொற்களின் கன்னட வடிவத்தை விதியைக்கொண்டு ஊகிப்பேன்.
2. நான்கு தகரங்களையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பிரிப்பேன்.
3. பேருந்தின் பெயர்ப்பலகையையும் கடையின் விலைப்பலகையையும் வாசிப்பேன். விலையும் நேரமும் கேட்பேன்.
4. பாட்டியின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றைக் கன்னடப் படிவத்தில் நிரப்புவேன்.
5. புரியாதபோது பயப்படாமல் 'இன்னொம்மெ ஹேளி' என்பேன்.

ஐந்தாவதைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "அத்தை, புரியலன்னு சொல்றதெல்லாம் ஒரு பாடமா?" அதுதான் முதல் பாடம் என்றேன். அவள் அதை வெட்டிவிட்டு முதலாவதாக எழுதினாள்.

அதன் ஒரு படியை, வணக்கத்துடன், ஆசிரியருக்கும் கொடுத்தனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்தார். கன்னடத்தில்தான் பேசினோம், என் கன்னடம் இன்னும் தங்கவயல் கன்னடம்தான், இருமுறை 'இன்னொம்மெ ஹேளி' சொன்னேன். தேர்வுமுறை தம் கையில் இல்லை என்றார், அது உண்மை. வெள்ளிக்கிழமைத் தேர்வில் பத்து நிமிடத்தைப் பேச்சுக்கு ஒதுக்கிப் பார்க்கிறேன் என்றார். இரண்டாவது வரியைத் தாமே யோசித்ததில்லை என்றும், தமக்கு நம்முடைய ழகரம் இன்னும் வரவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

இதனால் தங்கவயலில் பெரிய மாற்றம் வந்துவிடாது. தினமும் அதிகாலை மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேறும் ஆயிரக்கணக்கானோரில் பலர் இதே தாளில் தொடங்கித் தட்டுத்தடுமாறி மொழியைத் தெருவில் கற்றவர்கள். அவர்கள் பிள்ளைகளும் அப்படியே கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லலாம். கற்றுக்கொள்வார்கள்தான். ஆனால் தெரு கற்றுத்தருவதற்கு முன் ஒரு முறையேனும் யாரோ சிரித்திருப்பார்கள். பள்ளி தடுக்கக்கூடியது அதைத்தான்.

அந்த உதவித்தொகை பிறகு வேறொருவர் துணையோடு அம்மாவுக்குக் கிடைத்தது. அதன் பழைய உத்தரவுத் தாள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன ஞாயிறு மருமகள் அதை எடுத்து வாசித்தாளாம். தலைப்பை அழுத்தமான தகரத்தோடு சரியாகவே உச்சரித்தாள் என்று அண்ணி சொன்னார். அதற்குக் கீழுள்ள ஏழு வரிகள் அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னாளாம், கன்னடத்தில்.